தமிழில் ஒரு பதில், இங்கிலீஷில் ஒரு பதில்

சீவலப்பேரியில் மாட்டுவண்டி ஏறும்போதே ஹெப்சிபாவின் மனசுக்குள் இரண்டு வழிகள்தான் இருந்தன.

பெண்பிள்ளைகள் விடுதியில் மேட்ரன் வேலை கிடைத்தால், அங்கேயே தங்கிப் படிக்கும் மகள் சாலோமியோடு பாளையங்கோட்டையில் இருந்துகொள்ளலாம். கிடைக்காவிட்டால், இறந்துபோன புருஷனின் தம்பி ஏற்பாடு செய்திருக்கும், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேற வேண்டியதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ள வேண்டும். மகள் இங்கே, தாய் கடலுக்கு அந்தப் பக்கம்.

வேலைக்குச் சிபாரிசு செய்தவள் அவள் தங்கை பியூலா. ஊரை வாந்திபேதி வாரிக்கொண்டு போன வருஷத்தில், உபதேசியாராக இருந்த தகப்பன் சுவிசேஷமுத்துவும் தாயும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வயதுக்கு வந்த ஹெப்சிபாவை மாமன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து வயதுப் பியூலாவை, பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடமும் விடுதியும் நடத்தும் மிஷனரி மிஸ் ஹார்லண்ட் தன் பங்களாவுக்குக் கொண்டுபோய் வளர்த்தாள். இன்று பியூலா அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் இங்கிலீஷ் பேசினால், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வெள்ளைக்காரப் பெண் என்றே நினைப்பார்கள்.

இன்றைக்குத்தான் பரீட்சை.

பங்குனி வெயில் காலையிலேயே சுட்டது. பங்களா வராந்தாவில் ஹெப்சிபா, செம்மண் ஏறிய பாதங்களைச் சேலைக் கரைக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருக்கா."

"இருக்கட்டும்ட்டி. நாற்காலி அழுக்காயிரும்."

"அழுக்கானா தொடச்சுக்கலாம். உக்காரு."

நுனியில் உட்கார்ந்தாள். "என்னத்தக் கேப்பாவ? வேதத்துலருந்தா?"

"வேதம் இல்ல. உன்னைப் பத்தித்தான் கேப்பாங்க. உன் குணம் எப்படின்னு."

ஹெப்சிபா தங்கையை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என் குணத்த என்கிட்டயே கேட்டா எப்படிட்டி? ஊர்ல நாலு பேர்கிட்டல்லா கேக்கணும்?"

பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மிஸ் ஹார்லண்ட் விடுப்பில் சீமைக்குப் போய் வந்தபோது அச்சடித்த கேள்வித்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு மனுஷன் தைரியசாலியா கோழையா, மனம் தெளிந்தவனா கலங்கினவனா என்று அந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்களைக் கொண்டே சொல்லிவிடலாமாம். பிள்ளைகளைக் கவனிக்கும் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இனி அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. ஊர் அதற்குக் குணப் பரீட்சை என்று பெயர் வைத்தது.

முதலில் எழுதியவள் பியூலாதான். போன மாதம், இங்கிலீஷில். அதைத் திருத்திப் பார்த்த மிஸ் ஹார்லண்ட் எழுந்து வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டாள். தெளிந்த மனம், உறுதி, தன்மதிப்பு எல்லாம் நிறைந்திருப்பதாகச் சீமைக்கு எழுதினாள். இந்தியப் பெண் ஒருத்தியை எப்படி வளர்க்கலாம் என்பதற்கு இவளே சாட்சி என்று அதில் ஒரு வரி. ஜூனில் சென்னை ட்ரெயினிங் காலேஜுக்கு அனுப்பவும் அந்த முடிவே போதும் என்றாள். அன்று முழுக்கப் பியூலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கேள்விகளைத் தமிழில் ஆக்கிக் கொடுத்தவளும் அவளே. அதனால் அக்காளுக்குக் கஷ்டம் எதுவும் வராது என்று நம்பியிருந்தாள்.

உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் மிஸ் ஹார்லண்ட் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சபைக் குரு இஸ்ரவேல் ஐயர், குடையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு இருந்தார். மிஸ் ஹார்லண்ட் இந்த ஊரில் வெகுகாலம் இருந்தும் அவளுடைய தமிழ் கோயில் தமிழ்தான். சீவலப்பேரிப் பேச்சு வேகமாக வந்தால் பாதி நழுவிவிடும். ஆகையால் கேள்வியைத் தமிழில் கேட்டுப் பதிலை இங்கிலீஷில் சொல்வது பியூலாவின் வேலை.

"உன்னைப் பற்றி உனக்குப் பெருமை உண்டா?"

ஹெப்சிபா பதறிப்போனாள். "ஐயையோ! பெருமையா? ஆண்டவர் பாத்துக்கிட்டிருக்காரு. நான் என்னத்தக் கண்டேன்? ஒண்ணுந் தெரியாத சென்மம்."

பியூலா அப்படியே மொழிபெயர்த்தாள். இங்கிலீஷில் அந்த வார்த்தைகள் வெளியே வந்தபோது அவளுக்கே திக்கென்றது. தமிழில் அடக்கமாக இருந்தது, மேஜைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது ஒன்றுக்கும் உதவாதவளின் வாக்குமூலமாக மாறியிருந்தது. மிஸ் ஹார்லண்டின் பென்சில் அசைந்தது.

"ஒரு காரியத்தை நீயாக முடிவு செய்வாயா, பிறரைக் கேட்பாயா?"

"நானா எப்படி முடிவு செய்ய? பெரியவங்க இருக்காவ, சபை இருக்கு. நாலு பேர்கிட்ட கேக்காமச் செஞ்சா நல்லாவா இருக்கும்?"

பென்சில் மறுபடி அசைந்தது.

"காரணமில்லாமல் அழுவதுண்டா?"

"காரணமில்லாம யாரு அழுவா? அழுதா காரணம் இருக்கத்தான செய்யும்."

இஸ்ரவேல் ஐயர் மீசைக்குள் லேசாகச் சிரித்தார். மிஸ் ஹார்லண்ட் சிரிக்கவில்லை. கேள்விக்குப் பதில் வரவில்லை என்று குறித்துக்கொண்டாள்.

"இறந்தவர்களின் குரல் உன் காதில் கேட்பதுண்டா?"

அதுவரை மடக்கிப் பேசிய ஹெப்சிபாவின் முகம் இளகியது. "கேக்கும். சாயங்காலம் தொழுவுல நின்னா எங்க வீட்ல அவிய கூப்பிடுதது கேக்கும். 'ஏளா, கன்னுக்குட்டியப் புடிச்சுக் கட்டு'ம்பாவ. நானும் 'கட்டிட்டேன்'னு சொல்லுவேன். அதுல ஒரு ஆறுதல்."

பியூலா தயங்கினாள். இதை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பொய் சொல்லக் கூடாது என்று அவளை வளர்த்தவளே எதிரே உட்கார்ந்திருந்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

மிஸ் ஹார்லண்ட் பென்சிலைக் கீழே வைத்தாள். "போதும். உன் அக்காளை வெளியே இருக்கச் சொல்."

ஹெப்சிபா எழுந்து கும்பிட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனாள்.

"பியூலா, எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது," என்றாள் மிஸ் ஹார்லண்ட் இங்கிலீஷில். "நல்ல பெண்தான். ஆனால் தன்னைத் தானே மதிக்கத் தெரியவில்லை. சொந்தமாக ஒரு முடிவு எடுக்கமாட்டாள். செத்தவனோடு பேசுகிறாள். இப்படிப்பட்டவளிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது?"

"அவள் அப்படிப்பட்டவள் இல்லை, மிஸ். ஊரில் மறுபடி பேதி வந்தபோது தாயில்லாப் பிள்ளைகளை எல்லாம் வீட்டில் வைத்துக் காப்பாற்றினவள். யாரையும் கேட்டுச் செய்யவில்லை. பெருமை உண்டா என்று கேட்டால் எங்கள் பெண்கள் யாருமே உண்டு என்று சொல்லமாட்டார்கள். தமிழில் அது பாவம்."

"நீ உண்டு என்று எழுதியிருக்கிறாயே?"

"இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் கேட்டிருந்தால் நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்."

வாய் தவறி வந்த வார்த்தை. மிஸ் ஹார்லண்ட் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு நியாயம் பேசுகிற குரலிலேயே சொன்னாள். "அப்படியானால் சொல்லிக் காட்டு. ஐயர் தமிழில் கேட்டு, பதிலை எனக்கு இங்கிலீஷில் சொல்லட்டும். நீ உண்மையைச் சொல். இரண்டு பாஷையிலும் பதில் வேறாக இருந்தால் கேள்வியில்தான் குற்றம் என்று கமிட்டிக்கு நானே சொல்கிறேன். உன் அக்காளுக்கு வேலையும் கொடுக்கிறேன்."

பியூலா நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்காளுக்காகப் பதிலை வளைத்துச் சொல்லக் கூடாது, மனசில் என்ன வருகிறதோ அதை மட்டும் சொல்லவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இஸ்ரவேல் ஐயர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "அம்மா, உன்னைப் பத்தி உனக்குப் பெருமை உண்டா?"

"அப்படில்லாம் ஒண்ணும் இல்ல ஐயா."

யோசிக்கும் முன்பே வந்துவிட்டது. ஐயர் அடுத்ததற்குப் போனார். "ஒரு காரியத்த நீயா முடிவு செய்வியா?"

"அக்காகிட்ட கேப்பேன்."

சொன்ன பிறகுதான் பியூலா திடுக்கிட்டாள். வளர்ந்த நாளிலிருந்து அக்காளிடம் அவள் ஒன்றுமே கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துத் தமிழ் எங்கே போயிற்று? வாயில் வருவது சீவலப்பேரிப் பேச்சு. யார் பேசுகிறார்கள் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"எறந்தவங்க குரல் கேக்குமா?"

இங்கிலீஷில் இதற்கு அவள் எழுதிய பதில், இப்படிப்பட்ட மூடநம்பிக்கைகள் எனக்கு இல்லை என்பது.

"எங்கம்மா கூப்பிடுதது கேட்டிருக்கேன்," என்றாள். "'பூலா, ஆத்துப் பக்கம் போகாதட்டி'ன்னு. காய்ச்சல் வந்தா கேக்கும்."

மிஸ் ஹார்லண்ட் நிமிர்ந்தாள். காய்ச்சலில் பியூலா கிடந்த நாட்களிலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

ஐயர் தாளைப் பார்த்தார். கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடலாமா என்பதுபோல் மிஸ் ஹார்லண்டைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"உன்னை யாருக்கும் வேண்டாம்னு நீ நெனச்சதுண்டா, அம்மா?"

ஜன்னல் திறந்திருந்தது. வராந்தாவில் அக்காள் இருக்கிறாள் என்பது பியூலாவுக்கு மறந்தே போயிற்று.

"உண்டு," என்றாள்.

அந்த வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. மிஸ் ஹார்லண்டுக்கு நன்றாகத் தெரிந்த தமிழ் அது.

மேஜைமேல் பியூலாவின் பழைய இங்கிலீஷ் தாள் இருந்தது. அதில் அதே கேள்விக்கு, 'ஒருபோதும் இல்லை' என்று அவள் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது.

"எது உண்மை?" என்றாள் மிஸ் ஹார்லண்ட். கேள்வியில்தான் குற்றம் என்று கமிட்டிக்குச் சொல்வதாகத் தான் சொன்னது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"இரண்டும் உண்மைதான், மிஸ்."

"ஒரே கேள்விக்கு இரண்டு உண்மை இருக்க முடியாது. அன்றைக்கு என்னைச் சந்தோஷப்படுத்தப் பொய் எழுதினாய். அல்லது இன்றைக்கு உன் அக்காளுக்கு வேலை வாங்கப் பொய் சொன்னாய்." குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் பியூலாவுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கென்று பிள்ளை இல்லை. நீதான் இருந்தாய். நீ தூங்கும்போது கொசு கடிக்காமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கும் வேண்டாதவள் என்று இந்த வீட்டில் இருந்துகொண்டா நினைத்தாய்?"

"உங்களோடு பேசும்போது நான் அப்படி நினைப்பதில்லை, மிஸ். சத்தியமாக இல்லை. தமிழில் கேட்டதும்..." மேலே சொல்ல இங்கிலீஷிலும் அவளிடம் வார்த்தை இல்லை, தமிழிலும் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் எது பொய் என்று நீயே வந்து சொல். எதுவானாலும் மன்னிக்கிறேன். ஆனால் பொய் சொன்னவளைக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி நான் எழுதமுடியாது." எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். "உன் அக்காளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடு."

இஸ்ரவேல் ஐயர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசற்படியில் பியூலாவைப் பார்த்து நின்றார். "தப்பு கேள்விலதாம்னு அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கணும், அம்மா. சொல்ல வாய் வரல. என் மவனுக்கு அவிய பள்ளிக்கூடத்துல எடம் கேட்டு வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு வெயிலில் குடையை விரிக்கவும் மறந்து நடந்தார்.

ஹெப்சிபா வராந்தாவில் இல்லை. வேப்பமரத்தடியில் சாலோமியின் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பியூலா வருவதைக் கண்டதும் பிள்ளையின் முதுகில் தட்டி, "போ, மணி அடிக்கப்போவுது. அம்மா பொறவு வாரேன்," என்று அனுப்பினாள். சாலோமி விடுதிக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை இல்லைன்னுட்டாவளா?"

"இல்லக்கா. என்னாலதான்."

"உன்னால என்னட்டி? சனிக்கிழமை கங்காணி கெளம்புதான். நாளைக்கு வண்டிக்கு ஊருக்குப் போயி நாலு துணிமணிய எடுத்துக்கிட்டா முடிஞ்சுது." முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "பிள்ளைய மட்டும் பாத்துக்கோ. அவளுக்கு இருட்டுன்னா பயம். விளக்க அணைக்கும்போது பக்கத்துல நில்லு."

"போகாதக்கா."

"போகாம என்ன செய்ய? அந்தம்மா அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்காவளா?"

"யாரு, மிஸ்ஸா? தெரியாது."

"சொல்லச் சொல்லணும்." ஹெப்சிபா கேலியாகச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஜன்னல் வழியாக் கேட்டேன். 'உண்டு'ன்னு சொன்னியே, ஏன்ட்டி?"

பியூலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் உன்னை வேண்டாம்னு குடுத்துட்டேன்னா நெனச்ச?"

"நீயும் சின்னப் பொண்ணுதானக்கா. உன்னால என்ன செய்யமுடியும்?"

"அப்ப ஒண்ணும் செய்யமுடியலதான். பொறவு வந்தேம்லா."

"எங்க வந்த?"

"இங்கனதான். கல்யாணம் முடிஞ்ச கையோட, அவியகிட்ட அழுது சம்மதிக்க வச்சு, உன்னைக் கூட்டிட்டுப்போக வண்டி கட்டிக்கிட்டு வந்தோம். நீ முட்டி வரைக்கும் கவுன் போட்டு, தலைய ரெட்டையாப் பின்னி, அந்தம்மா சேலைய, இல்ல, அந்தப் பாவாடையப் புடிச்சுக்கிட்டு நின்ன. 'பூலா, வாட்டி வீட்டுக்கு'ன்னேன். நீ என்னையே பாத்த."

பியூலாவின் நினைவில் அப்படி ஒரு நாளே இல்லை. "பொறவு?"

"அந்தம்மா குனிஞ்சு இங்கிலீஷ்ல உன்கிட்ட என்னமோ கேட்டாவ. நீயும் இங்கிலீஷ்லயே என்னமோ சொன்ன. ஒரு வார்த்தை இல்ல, நெறையச் சொன்ன, கைய ஆட்டி ஆட்டி. அந்தம்மா நிமிந்து, 'அவளுக்கு வர இஷ்டம் இல்லை'ன்னு எங்ககிட்ட சொன்னாவ. பிள்ளை நல்லா இருக்கா, வராம இருக்கட்டும்னு அவியளும் சொன்னாவ. கொண்டாந்த கருப்பட்டிய உன் கையில குடுத்துட்டுத் திரும்பிட்டோம்."

"நான் என்னக்கா சொன்னேன்?"

ஹெப்சிபா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. "அந்தப் பாஷை தெரிஞ்சா நான் ஏன்ட்டி இத்தன வருசமா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்?"

விடுதியில் ஜெபத்துக்கு மணி அடித்தது. பியூலா எழுந்தாள். அக்காள் கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை. பங்களாப் படியேறி, வராந்தாவைக் கடந்து, தட்டாமலே கதவைத் தள்ளினாள்.

மிஸ் ஹார்லண்ட் இன்னும் ஜன்னலோரத்தில்தான் நின்றாள். அழுதிருந்தாள். "சொல்ல வந்துவிட்டாயா?" என்றாள் ஆவலோடு. "எது பொய்?"

அந்த வீட்டுக்குள் அவளிடம் பியூலா இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை பேசியதே இல்லை. இங்கிலீஷில் கேட்கத்தான் வாயெடுத்தாள். வரவில்லை.

"எங்கக்கா என்னைக் கூப்பிட வந்தாளே, அன்னைக்கி நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

மிஸ் ஹார்லண்டுக்குத் தமிழ் புரியவில்லை என்று சொல்ல இடமில்லை. அவள் கை நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்தது.

"நீ அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளை, பியூலா," என்றாள். அவளும் தமிழில்தான் சொன்னாள். அன்றைக்குப் பொய் சொன்னது யார் என்பது இருவருக்கும் தெரிந்துபோயிற்று.